தண்ணீர் குடிக்கப் பழகுவோருக்கு: உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கும் முறை

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?" என்பது. எட்டு என்று சொல்லிவிடலாம். கேட்டவரும் திருப்தியோடு போய்விடுவார். ஆனால் 45 கிலோ எடையில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும், 80 கிலோ எடையில் வெயிலில் மூட்டை தூக்குபவருக்கும் அதே எட்டு எப்படிப் பொருந்தும்? இந்த எண்ணின் வேர், 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரையில் இருப்பதாகப் பலரும் கருதுகிறார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் நீர் என்று சொன்ன அதே குறிப்பு, அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. முதல் வாக்கியம் ஊரெல்லாம் பரவியது. இரண்டாவது வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

டம்ளரை எண்ணுவதைவிட, உடம்பு வெளியே அனுப்புவதைப் பார்த்து உள்ளே போக வேண்டியதை முடிவு செய்வதே நல்லது. ஒரு வாரம் கவனமாக இருந்தால் போதும். அளவுக்கோடு போட்ட குவளை, மூடியுள்ள பாட்டில், எடை பார்க்கும் கருவி, ஒரு தாள், பேனா. வேறு எதுவும் வேண்டாம்.

குறைவாகக் குடித்தால் என்ன ஆகிறது

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 30 முதல் 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூச்சுக் காற்றிலும் தோல் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமலேயே தினமும் 700, 800 மில்லி போய்விடுகிறது. மலத்தில் 100 முதல் 200 மில்லி. மீதிச் செலவு சிறுநீரும் வியர்வையும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். ஆனால் வெளியே வருவது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர்தான். மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சிறுநீர் கெட்டியாகிறது, அளவு குறைகிறது. எவ்வளவு பிடித்து வைத்தாலும் கழிவுகளைக் கரைத்து அனுப்பக் குறைந்தது அரை லிட்டர் தேவை.

நாளுக்கு முக்கால் லிட்டர் மட்டும் குடிப்பவர் மயங்கி விழுவதில்லை. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். ஆகிறது, மெதுவாக. பாகு காய்ச்சும்போது தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் சர்க்கரை மணி மணியாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியான சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் அப்படித்தான் படிகமாகின்றன. சிறுநீரகக் கல்லின் ஆரம்பம் அது. முதல்முறை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் இத்தாலிய ஆய்வு 1996இல் வெளிவந்தது. நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கே கல் திரும்ப வந்தது. பழையபடி இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது.

நீர்க்கடுப்பும் அப்படியே. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரைக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லி ஓராண்டு கவனித்த ஆய்வு 2018இல் வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகும், அடிக்கடி கழுவிப் போனால் பெருக நேரமில்லை. இந்த இரண்டு நன்மைகளுக்கும் வலுவான ஆதாரம் உண்டு.

நீர் வற்றியதால் வரும் தலைவலி, சோர்வு, கவனக்குறைவு ஆகியவை தண்ணீர் குடித்தால் தணியும். மலச்சிக்கலும் குறையும், ஆனால் நார்ச்சத்தும் சேர்ந்தால்தான். காய்கறி பழத்தைத் தொடாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் அது சிறுநீராகத்தான் போகும். தோல் பளபளக்கும், நச்செல்லாம் கழுவிப் போகும் என்ற வாக்குறுதிகளை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். பத்து நாளில் கண்ணாடி பார்த்து ஏமாந்து விட்டுவிடுவீர்கள்.

முதல் இரண்டு நாள்: எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

முதலில் உங்கள் டம்ளரை அளவுக் குவளையால் நிரப்பிப் பாருங்கள். 150 மில்லி பிடிக்கும் டம்ளரும் உண்டு, 300 மில்லி பிடிப்பதும் உண்டு. அதிலும் யாரும் விளிம்புவரை ஊற்றுவதில்லை, ஊற்றியதை முழுக்கக் குடிப்பதும் இல்லை. அதனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். காலையில் இரண்டு லிட்டரை அளந்து பாட்டில்களில் ஊற்றி வைத்து, அன்று அதிலிருந்து மட்டும் குடியுங்கள். இரவு மீதியை அளந்து கழித்தால் சரியான கணக்கு வரும்.

காபி, டீ, பால், சூப் எல்லாவற்றையும் தனியாக எழுதுங்கள். அவையும் கணக்கில் சேரும். காபி குடித்தால் அதைவிட அதிகம் சிறுநீராகப் போய்விடும் என்பது வழக்கமாகக் குடிப்பவர்களின் இரண்டு மூன்று கோப்பைக்குப் பொருந்தாது. சேர்க்கக் கூடாதது மது. தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் அந்த ஹார்மோனை அது அடக்கிவிடுகிறது.

மூன்றாம் நாள்: சிறுநீரைப் பாருங்கள்

கூச்சப்பட ஒன்றுமில்லை, இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. உலர்ந்த வைக்கோலின் வெளிர் மஞ்சள் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர்ந்த மஞ்சள், தேன் நிறம் என்றால் பற்றாக்குறை. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்போல நிறமே இல்லாமல் போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் தவறு நேரும் இடங்கள் சில. காலையில் எழுந்தவுடன் போவது எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டாவது முறையையும் மதியத்தையும் பாருங்கள். கழிவறைக் கோப்பையில் தேங்கிய நீரோடு கலந்த பிறகு பார்த்தால் நிறம் வெளுத்துத் தெரியும். வெளியேறும்போதே பாருங்கள், அல்லது ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சளாகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு இளஞ்சிவப்பாகும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். இவை எதுவும் இல்லாமல் சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால் அது தண்ணீர்ப் பிரச்சினை அல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

முடிந்தால் ஒருநாள் முழுக்க அளந்துவிடுங்கள். மூன்று லிட்டர் பிடிக்கும், மூடியுள்ள பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் வரும் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதன்பின் வருவதையெல்லாம் சேர்த்து, மறுநாள் காலையில் முதலில் வரும் சிறுநீரையும் அதிலேயே பிடித்து அளவு பாருங்கள். ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல நிலை. ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் இலக்கு இரண்டரை லிட்டர். கவனியுங்கள், அது குடிக்கும் அளவு அல்ல, போகும் அளவு. அதற்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டியிருக்கும்.

நான்காம் நாள்: இலக்கு வையுங்கள், ஆனால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்ன அளவு: பெண்களுக்கு நாளுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அளவு இன்னும் அதிகம், 2.7 லிட்டரும் 3.7 லிட்டரும். இரண்டுமே உணவில் உள்ள நீரையும் சேர்த்த கணக்கு. உணவிலிருந்து வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளரி, தர்பூசணி போன்றவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆக, அதிகம் வியர்க்காத நாளில் பானங்கள் எல்லாம் சேர்த்துப் பெண்கள் 1.6 லிட்டர், ஆண்கள் 2 லிட்டரில் தொடங்கலாம். கருவுற்றவர்கள் 300 மில்லியும், பாலூட்டுபவர்கள் 700 மில்லியும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இப்போது 900 மில்லி குடிப்பவராக இருந்தால் நாளைக்கே இரண்டு லிட்டருக்குத் தாவாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கைவிடுவதற்கு முதல் காரணமே இதுதான். கெட்டியான சிறுநீரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பழகிய பை திடீரென்று நிறைய நிறைய, மணிக்கொரு முறை ஓட வேண்டியிருக்கும். இது நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 250 மில்லி கூட்டுங்கள். மதியச் சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் அளவு.

எப்போது, எப்படிக் குடிப்பது

ஒரு லிட்டரை மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தால் ரத்தம் சற்று நீர்த்துப்போகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் அடங்குகிறது, இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. மாலை வரை மறந்திருந்து, இரவு ஒன்பது மணிக்கு முழு நாளின் பாக்கியைத் தீர்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். 200, 250 மில்லியாகப் பிரித்துக் குடியுங்கள்.

1.7 லிட்டருக்கு ஒரு மாதிரி: எழுந்ததும் 250 மில்லி, காலை உணவோடு 200, பதினொரு மணிக்கு 250, மதிய உணவோடு 250, மூன்று மணிக்கு 250, மாலை ஆறு மணிக்கு 300, இரவு உணவோடு 200. கடிகாரத்தை நம்புவதைவிட, தினமும் தவறாமல் செய்யும் வேலையோடு முடிச்சுப் போடுவது நிற்கும்: பல் தேய்த்ததும், சாப்பிட உட்கார்ந்ததும், வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய அளவுகளை முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் செரிக்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. வயிறு உப்பினால் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே. சூடாகவா குளிர்ச்சியாகவா என்பதும் உங்கள் விருப்பம். எது அதிகம் இறங்குகிறதோ அதைக் குடியுங்கள்.

பாட்டிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாய் அகலமாக, பிரஷ் உள்ளே போகும்படி இருக்கட்டும். வெளிப்பக்கம் பேனாவால் 250 மில்லிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தினமும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், முக்கியமாக மூடியை. மூடியின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தால் அடியில் வழவழவென்று கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். பாட்டில் வாடைக்கு அதுதான் காரணம். பலர் தண்ணீரே பிடிக்கவில்லை என்று நினைத்துக் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது அந்த வாடைதான். வளையத்தைத் தனியே தேய்த்துக் கழுவி, பாட்டிலை மூடாமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

நீரின் தூய்மையில் சந்தேகம் இருந்தால், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்; 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் மூன்று நிமிடம். கிருமி சாகும். ஆர்சனிக், ஃப்ளோரைடு போன்றவை கொதிக்க வைத்தால் போகாது. அதற்கு வேறு வடிகட்டிதான் வேண்டும்.

கழிவறைக்குப் பயந்து குடிக்காதவர்கள்

குறைவாகக் குடிப்பவர்களில் பலருக்குச் சோம்பலும் இல்லை, மறதியும் இல்லை. வேலையிடத்தில் போக வசதியில்லை, பயணத்தில் நிறுத்த மாட்டார்கள் என்று வேண்டுமென்றே வாயைக் கட்டுகிறார்கள், முக்கியமாகப் பெண்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதும் இவர்களுக்குத்தான். வசதி செய்து தருவது முதலாளியின் கடமை. அது நடக்கும்வரை உடம்பைக் காத்துக்கொள்ள நேரத்தைத் திட்டமிடலாம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு 400, 500 மில்லி குடித்துவிடுங்கள். உபரி நீர் அதற்குள் பைக்கு வந்துவிடும்; கிளம்புமுன் முழுக்கக் கழித்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் மணிக்கு 100 மில்லி, இரண்டு மூன்று மடக்காக. போய்ச் சேர்ந்ததும் பாக்கியைக் குடியுங்கள்.

சிறுநீர் கசிகிறது என்று தண்ணீரைக் குறைக்கும் வயதானவர்களும் இருக்கிறார்கள். கெட்டியான சிறுநீர் பையை எரிச்சலூட்டி அவசரத்தைக் கூட்டத்தான் செய்யும். கசிவுக்குச் சிகிச்சை இருக்கிறது, கேளுங்கள். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. தாகமில்லை என்று அவர்கள் சொன்னாலும் நேரம் பார்த்து டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும்.

வியர்வை கொட்டும் நாளில்

உழைப்புக்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். உதாரணமாக, ஒரு மணி நேர உழைப்புக்கு முன் 62.4 கிலோ, பின் 61.6 கிலோ, இடையில் குடித்தது அரை லிட்டர். குறைந்த 0.8 கிலோவோடு குடித்த 0.5 லிட்டரையும் சேர்த்தால் வியர்வை 1.3 லிட்டர். எடையில் இன்னும் பாக்கி 0.8 என்பதால், அடுத்த சில மணி நேரத்தில் 1 முதல் 1.2 லிட்டர் குடியுங்கள். குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போகும் என்பதால்தான் இந்தக் கூடுதல். எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் உழைக்கும் திறன் சரியும்.

எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. சிறுநீரகம் மணிக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். கடும் உழைப்பில் அதுவும் குறையும். அதற்கு மேல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்புவரை போகலாம், உயிரும் போயிருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பந்தயம், சவால் என்று தண்ணீர் குடிப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி

இங்கே வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சேர்ந்து போகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் முதல் தேர்வு. அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கிடைக்காதபோது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரண்டியைக் குவியலாக எடுக்காமல், கத்தி முதுகால் தட்டையாக வழித்து எடுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: உப்பு கூடினால், குழந்தைகளுக்கு முக்கியமாக, ஆபத்து. கரைத்ததும் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். 24 மணி நேரம் கழிந்ததை வைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது; அதன் சர்க்கரை பேதியை அதிகப்படுத்தும்.

ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள். கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இந்த வழிகாட்டி யாருக்குப் பொருந்தாது

இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கூடுதல் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும்தான் சேரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை. கொடுத்தால் பால் குடிப்பது குறையும், சோடியமும் நீர்த்துப்போகும்.

எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காமல், சிறுநீரும் ஏராளமாகப் போனால் அளவைக் கூட்டாதீர்கள், ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை உடம்பு வறண்டிருக்கும்போது போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளை ஒரு மடக்கு நீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள்.

வெயில் காலம் தொடங்கும்போது, வேலை மாறும்போது, புது மருந்து ஆரம்பிக்கும்போது உங்கள் பழைய அளவு பொருந்தாமல் போகலாம். அப்போது மறுபடி ஒருநாள் பாட்டிலில் அளந்து ஊற்றி, மதியத்தில் நிறத்தைப் பாருங்கள்.